அந்தச் சூரியனை முதலில் பார்த்தது நான்

ஒரே கேத்தலில் தேத்தண்ணி வைத்துக் குடித்த என் குலம் மச்சானுக்கு,

உன்னுடைய ஆண்டுத்திவசம் போன சனிக்கிழமை முடிந்தது. மண்டபத்தில் நான் எழும்பி நின்று கதைத்த கதையால் ஒஸ்லோவில் பாதித் தமிழ்ச்சனம் இப்போது எனக்கு முகம் கொடுப்பதில்லை. "செத்தவரிலையும் எரிச்சல் பிடிக்கிற மனுசன்" என்று யாரோ சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. என் மனைவி சாந்தி எனக்கு முன்னாலேயே போய்க் காருக்குள் இருந்துகொண்டாள். நீ இருக்கிற இடத்துக்கு இதெல்லாம் கேட்குமோ? கேட்காது என்றுதான் நீ சொல்லுவாய். "அத்தாட்சி இல்லை மச்சான்" என்பாய். இருந்தாலும் நடந்ததை நடந்தபடி உனக்குச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது.

அப்படிச் சொன்னவன் பொய் சொல்லவில்லை. எனக்கு உன்மேல் எரிச்சல்தான், பொறாமைதான். அது உனக்கும் தெரியும், சாந்திக்கும் தெரியும். நான் அதை ஒருநாளும் மறைத்து வைத்ததில்லை. நீயும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன். ஆனால் உன்மேல் பொறாமைப்பட எனக்கு இருக்கும் உரிமை வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லு?

இதை மற்றவர்களும் வாசிப்பார்கள். அவர்களுக்கு நம் இருவரையும் தெரியாது. கொஞ்சம் பொறு, தொடக்கத்திலிருந்து வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நாம் ஹம்மர்பெஸ்ட்டில் மீன் வெட்டினோம். நோர்வேயின் வடக்கு விளிம்பில் ஒரு துறைமுகம், அங்கே ஒரு மீன் தொழிற்சாலை, அதன் பின்னால் எங்களுக்குத் தந்த மரவீடு. கீழே நீ, மேலே நானும் சாந்தியும். குளிர்காலத்தில் அங்கே இரண்டு மாதம் சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் தெற்குப் பக்கம் கொஞ்சம் நீல வெளிச்சம் வரும். பின்னேரம் வேலை விட்டு வெளியே வந்தால் தலைக்கு மேல் நட்சத்திரம்.

நீ அப்போது சாதகம் எழுதுகிறவன். உன் அப்பாவிடம் பழகிய தொழில். ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கத்தோடு ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருவாய். மீன் மணக்கிற கையோடு பெடியன்கள் வரிசையில் நிற்பார்கள். விசா எப்போ கிடைக்கும், கலியாணம் எப்போ சரிவரும் என்று கேட்பார்கள். நீயும் வெட்கமில்லாமல் சொல்லுவாய்.

மார்கழியில் என் மகள் அபி பிறந்தாள். ஆசுபத்திரியிலிருந்து பனியில் வழுக்கி வழுக்கி உன்னிடம்தான் முதலில் ஓடி வந்தேன். பிறந்த நேரத்தைச் சொன்னேன். நீ பஞ்சாங்கத்தை விரித்து, பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாய்.

"சரி, இண்டைக்குச் சூரியன் எத்தினை மணிக்கு உதிச்சது?"

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? இஞ்சை எங்கை சூரியன்? அது போய் ஒரு மாசமாச்சு."

உன் பென்சில் அப்படியே நின்றது. சாதகம் எழுத லக்கினம் வேண்டும். லக்கினம் பிடிக்க, சூரியன் உதித்து எத்தனை நாழிகை கழித்துப் பிள்ளை பிறந்தது என்று தெரிய வேண்டும். உதிக்காத சூரியனிலிருந்து எந்த நாழிகையை எண்ணுவது? உன் அப்பா அதைச் சொல்லித் தரவில்லை. பஞ்சாங்கத்திலும் அது இல்லை. நீ பென்சிலைத் திரும்பவும் காதில் செருகினாய்.

"எனக்குத் தெரியேல்லை மச்சான்" என்றாய்.

நான் கோபித்துக்கொண்டு தெற்கே இருந்த வேறொரு சோதிடருக்குத் தொலைபேசியில் சொல்லி எழுதுவித்தேன். தபாலில் சாதகம் வந்தது, மஞ்சள் எல்லாம் பூசி. நீ அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாய். "வடிவா எழுதியிருக்கிறார். ஆனா இது யாழ்ப்பாணத்திலை பிறந்த பிள்ளைக்கு எழுதினது."

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்த சாந்தி சொன்னாள்: "தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுற ஒரு ஆம்பிளையை இண்டைக்குத்தான் பாக்கிறன்." சொல்லிவிட்டு உன்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். என் பொறாமையின் பிறந்த நேரம் அதுதான். அதற்கு நீ சாதகம் எழுதியிருக்கலாம்.

அதற்குப் பிறகு நீ பெடியன்களுக்குச் சாதகம் பார்க்கவில்லை. நூலகத்திலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துவந்து, சூரியன் மறுபடி எப்போது வரும் என்று நீயே கணக்குப் போடத் தொடங்கினாய். பூமியின் சரிவு, ஊரின் அட்சரேகை, கோணம். பள்ளிக்கூடத்தில் படித்த கணிதமெல்லாம் குசினி மேசையில் பரவிக் கிடந்தது. ஒருநாள் விடையைக் கண்டுபிடித்து, இந்த நாளுக்கு முன்னால் சூரியன் வராது என்று நாட்காட்டியில் வட்டம் போட்டாய்.

அந்த வட்டத்துக்கு மூன்று நாள் முன்னால் எனக்கு ஓய்வு. பிள்ளை அழுகிறாள், வீட்டில் இருக்க முடியவில்லை. ஊருக்கு மேலே இருக்கும் குன்றில் ஏறினேன். மத்தியானம், வானம் துடைத்து வைத்த மாதிரி. தெற்கே மலைகளுக்கு நடுவில் சிவப்பாக ஒரு கீற்று எழும்பியது. விளிம்பு மட்டும்தான். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தாழ்ந்துபோனது. நான் கையெடுத்துக் கும்பிட்டேனா, கத்தினேனா, நினைவில்லை. ஓடி இறங்கி நேராகத் தொழிற்சாலைக்குள் வந்தேன். நீ முழங்கை வரைக்கும் கையுறை போட்டுக் கொட் மீனின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தாய்.

"டேய், சூரியன் வந்திட்டுது!"

"வந்திருக்கேலாது."

"நான் பாத்தனான்டா!"

"மேகத்திலை வெளிச்சம் பட்டிருக்கும். கணக்கு இன்னும் மூண்டு நாள் சொல்லுது."

"மேகமே இல்லை. உன்ர கணக்கைக் கொண்டுபோய்க் கடலிலை போடு."

அடுத்த நாள் நீ மேற்பார்வையாளரிடம் கெஞ்சி ஒரு மணி நேரம் வாங்கிக்கொண்டு என்னோடு குன்றுக்கு வந்தாய். அது வந்தது. முதல் நாளைவிடக் கொஞ்சம் கூடவே வந்தது. "நீ சொன்னது சரியடா யோகன்" என்ற ஒரு வார்த்தைக்காக உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்ப கணக்கிலை எங்கையோ பிழை இருக்கு" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்கு இறங்கி ஓடிவிட்டாய். என்னைக் குன்றில் தனியே விட்டுவிட்டு!

பின்னேரம் வந்து சொன்னாயே ஒரு செய்தி, அதை எப்படி மன்னிப்பது? அடிவானத்துக்குப் பக்கத்தில் காற்று ஒளியை வளைக்குமாம். சூரியன் உண்மையில் கீழேயே இருக்க, அதன் தோற்றம் மட்டும் மேலே தெரியுமாம். "நீ பாத்தது உண்மை மச்சான். ஆனா சூரியன் வந்தது உண்மை இல்லை" என்றாய். என் வாழ்க்கையில் நான் பெற்ற ஒரே வெற்றி. அதிலும் பாதியைப் பிடுங்கிக்கொண்டாய்.

ஒளி வளைவதை நானூறு வருடங்களுக்கு முன்பே ஒரு டென்மார்க்காரர் அளந்து வைத்திருந்தார் என்று அந்தப் புத்தகத்தில் படித்தாய். அந்த மனுசனைத் தேடிப்போனவன் நீ திரும்பி வரவே இல்லை.

பிறகு எல்லோரும் செய்ததுபோல நாமும் தெற்கே வந்தோம். நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினேன். கடன் எடுத்து, பக்கத்தில் லோறென்ஸ்கூக்கில் வீடு வாங்கினேன். நீ ஒரு பாடசாலையின் கட்டடப் பராமரிப்பாளனாகச் சேர்ந்தாய். மாலையில் பல்கலைக்கழகத்தில் சிந்தனைகளின் வரலாறு என்று ஒரு பாடம் படித்தாய். கலியாணம் கட்டவில்லை. ஞாயிறு தோறும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய்.

அந்த ஞாயிறுகளை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. என் மேசை, என் கதிரை, நான் வாங்கிய ஆட்டிறைச்சி. பேசுவது மட்டும் நீ. நான் பஸ்ஸில் நடந்த கதையைத் தொடங்கினால் சாந்தி "உப்புக் காணுமோ, இன்னும் போடட்டோ?" என்று கேட்பாள். நீ வாயைத் திறந்தால் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு உட்காருவாள். அபி ஞாயிற்றுத் தமிழ்ப் பள்ளியின் புத்தகப்பையைக் கழற்றாமலே கேட்பாள்.

அந்த டென்மார்க்காரரின் கதையை நீ சொன்ன நாள் நினைவிருக்கிறதா? பதினாறு வயதுப் பெடியன். வியாழனும் சனியும் வானத்தில் கிட்ட வருவதைப் பார்க்கிறான். பெரியவர்கள் நம்பியிருந்த பழைய அட்டவணையைப் புரட்டினால் அது ஒரு மாதம் பிந்தி வரவேண்டிய சங்கதி. எல்லோரும் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் வானத்தைப் பார்க்க முடிவெடுத்தான். அதற்காகவே அரசனிடம் ஒரு தீவை வாங்கி, வீடளவு பெரிய கருவிகள் செய்து, தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணால் இருபது வருடம் அளந்தான். கடைசிக் காலத்தில் கணிதத்தில் கெட்டிக்காரனான ஒரு ஜெர்மன்காரன் உதவிக்கு வந்தான். ஆனால் கிழவர் அளந்ததையெல்லாம் அவனுக்கு முழுதாகக் காட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் இருந்து அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சொல்லுவாராம்.

"பொறாமை பிடிச்ச மனுசன்" என்றாள் சாந்தி.

"ஏன் காட்டவேணும்?" என்று நான் பாய்ந்தேன். "இருபது வருசம் குளிருக்கை நிண்டு பாத்தது அவன். நேத்து வந்தவன் கணக்குப் போட்டுப் பேர் எடுக்கிறதோ?"

நீ கறியைக் குழைத்தபடி சிரித்தாய். "யோகன் அவற்ற பக்கம்தான் நிப்பான் எண்டு எனக்குத் தெரியும்."

"பிறகு என்ன நடந்தது மாமா?" என்றாள் அபி.

"கிழவர் செத்துப்போனார். அளந்ததெல்லாம் ஜெர்மன்காரன்ர கையிலை வந்தது. செவ்வாய் வட்டத்திலை சுத்துது எண்டு ரண்டாயிரம் வருசமா எல்லாரும் நம்பினது. அவனும் நம்பித்தான் கணக்குப் போட்டான். கடைசியிலை ஒரு சின்ன வித்தியாசம். வேற ஆரும் எண்டால் கிழவற்ற கண் பிழைச்சிருக்கும் எண்டு விட்டிருப்பான். இவன் விடேல்லை. கிழவற்ற கண் பிழைக்காது, அப்ப வட்டம்தான் பிழை எண்டான். முட்டை மாதிரிப் பாதை எண்டு அப்பிடித்தான் தெரியவந்தது."

"நான் சொன்னன் பார்" என்றேன், "கிழவற்ற கண்ணாலைதான் எல்லாம்." அபி ஒரு முள்ளுக்கரண்டியால் சாப்பாட்டுக் கோப்பையில் முட்டை வடிவம் கீறிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் தனக்குப் பிடித்த ஆளைப் பற்றி எழுதச் சொன்னபோது உன்னைப் பற்றி எழுதினாள். பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை அதை எனக்கே வாசித்துக் காட்டினார். நான் "தூசன் தக்" என்று நன்றி சொல்லிவிட்டு வந்து காரை எடுத்தேன்.

இந்த நூற்றாண்டு தொடங்கி நாலைந்து வருடம் கழித்து ஒஸ்லோத் தமிழ்ச்சனம் கூடுகிற மண்டபத்தில் உன்னைப் பேசச் சொன்னார்கள். ஐரோப்பாவில் அறிவியல் சிந்தனை எப்படித் தொடங்கியது என்பது தலைப்பு. பத்துப் பேர் வருவார்கள் என்று நினைத்தேன். கதிரை போதவில்லை. ஸ்தவாங்கரில் எண்ணெய்க் கம்பனியில் வேலை செய்கிற ஒரு தமிழ்நாட்டுப் பெடியன்கூட வந்திருந்தான்.

நீ நன்றாகப் பேசினாய். இந்தச் சொல்லை எழுதவே கை கூசுகிறது. ஐரோப்பாக்காரர் வானத்திலிருந்து குதித்து வந்தவர்கள் இல்லை, எங்கள் பக்கத்து இலக்கங்களும் அரபுக்காரரின் கணிதமும் அட்டவணையும் போயிருக்காவிட்டால் அவர்களால் கூட்டிக் கழிக்கவே ஏலாது என்றாய். கண்ணாடி உரசுகிறவனும் மணிக்கூடு செய்கிறவனும் படித்தவர்களோடு ஒரே மேசைக்கு வந்ததைச் சொன்னாய். தொலைநோக்கிக் குழாயை வானத்துக்குத் திருப்பி, வியாழனைச் சுற்றி நிலாக்கள் ஓடுவதைக் கண்ட இத்தாலியரைச் சொன்னாய். வந்து குழாய்க்குள் பாருங்கள் என்று அவர் கூப்பிட்டபோது, பெரிய படிப்பாளி ஒருவர் பார்க்கவே மாட்டேன் என்று நின்றதையும், பிறகு அந்த இத்தாலியரைக் கிழ வயதில் வீட்டுக்குள் அடைத்து வைத்ததையும் சொன்னாய்.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் எழும்பினார். "தம்பி, உதெல்லாம் எங்கட முன்னோர் எப்பவோ ஓலையிலை எழுதி வைச்சது."

"இருக்கலாம் ஐயா. காட்டினீங்கள் எண்டால் நானும் படிப்பன். ஆனா பாருங்கோ, எங்களிட்டை ரண்டு பஞ்சாங்கம் இருக்கு. வருசப்பிறப்பு எத்தினை மணிக்கெண்டு ஒவ்வொரு சித்திரையும் இந்த மண்டபத்திலை சண்டை பிடிக்கிறம். எது சரியெண்டு ஆராவது வெளியிலை போய் வானத்தைப் பாத்தனாங்களோ?"

சனம் சிரித்தது. தபாலதிபரும் சிரித்துவிட்டார். நீ குரலைத் தாழ்த்தினாய்.

"எனக்கு இந்த ஐரோப்பாக்காரரிலை பொறாமை. அவங்கள் கண்டுபிடிச்ச சாமானிலை இல்லை. வாத்தியார் பிழை எண்டு மாணவன் எழுதினான். மாணவன் பிழை எண்டு இன்னொருத்தன் எழுதினான். அதை அச்சடிச்சு ஊர் ஊரா அனுப்பினாங்கள். பெரிய ஆள் சொன்னவர் எண்டதுக்காக ஒண்டையும் நம்பிறதில்லை எண்டு கூட்டம் போட்டு முடிவெடுத்தாங்கள். அந்தப் பழக்கத்திலைதான் எனக்குப் பொறாமை."

உனக்கு ஐரோப்பாவில் பொறாமை. எனக்கு உன்னில். அந்த நேரம் பார்த்து நீ ஹம்மர்பெஸ்ட் கதையைத் தொடங்கினாய். பிள்ளை பிறந்தது, பஞ்சாங்கம் கைவிட்டது, கணக்குப் போட்டது. "சூரியன் வராது எண்டு கணக்குச் சொன்ன நாளிலை நான் அந்தக் குன்றிலை ஏறி நிண்டன். எனக்கு முன்னாலை சூரியன் வந்தது" என்றாய்.

நான் எழும்பினேன். சாந்தி என் ஜக்கெட்டைப் பிடித்து இழுத்தாள். இருக்கவில்லை.

"ஒரு நிமிசம். அந்தச் சூரியனை முதல் பாத்தது நான். நான் வந்து சொல்ல, இவர் நம்பேல்லை. மேகம் எண்டவர். அடுத்த நாள்தான் வந்து பாத்தவர்."

எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நீ சமாளிப்பாய் என்று நினைத்தேன். சமாளிக்க வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"ஓம்" என்றாய். "யோகன் சொல்லுறது சரி. நான் பிழையாச் சொல்லிப்போட்டன். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, நான்தான் முதல் பாத்தனான் எண்டே நம்பிப்போனன். ஒருத்தரும் வேணுமெண்டு பொய் சொல்லத் தேவையில்லை, பாத்தீங்களோ? ஞாபகமே எங்களை ஏமாத்திப்போடும். அதாலைதான் அவங்கள் கண்டதை அண்டண்டைக்கே எழுதி வைச்சவங்கள். யோகன் கண்ணை நம்பினவன், நான் தாளை நம்பினனான்."

கைதட்டு எழும்பியது பார், கூரை பறக்கிற மாதிரி. பிழை பிடித்தவன் நான். கைதட்டு உனக்கு! பிழையை ஒத்துக்கொண்ட பெருந்தன்மைக்காம். தபாலதிபர் மேடைக்கு ஏறி உன் கையைக் குலுக்கினார். என்னிடம் ஒருவர் வந்து "ஏன் அண்ணை இப்பிடி இடைஞ்சல் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

வீட்டுக்குப் போகும்போது நீ காரின் பின்னிருக்கையில் இருந்தாய்.

"கோவமோ?"

"இல்லை."

"பொறாமை?"

"ஓம்."

"அப்ப சரி" என்றுவிட்டு நித்திரையாகிப்போனாய்.

அதற்கடுத்த வருடம் உனக்கு வயிற்றுநோ தொடங்கியது. டொக்டரிடம் போகச் சொல்லி சாந்தி கெஞ்சினாள். நீ உன் ஐரோப்பாக்காரர் மாதிரிப் பரிசோதனை செய்தாய். ஒரு மாதம் கோப்பியை விட்டாய். நோ குறைந்தது. "கோப்பிதான் காரணம், நிரூபிச்சிட்டன்" என்று மேசையில் தட்டிச் சொன்னாய். நாங்களும் நம்பினோம். நீ சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினோம். பெரிய ஆள் சொன்னதை நம்பக் கூடாது என்று நீ சொல்லித் தந்த அதே மேசையில் இருந்துகொண்டு.

டொக்டரிடம் போனபோது பிந்திவிட்டது. ஆசுபத்திரிக் கட்டிலில் எலும்பும் தோலுமாய்க் கிடந்து, "ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு மாசம். இதை அத்தாட்சியெண்டு வேற ஆரும் கொண்டு வந்திருந்தா நான் சிரிச்சிருப்பன் மச்சான்" என்றாய். சிரித்தும் காட்டினாய். எனக்கு உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது.

நீ கடைசியாகத் தெளிவாகக் கதைத்தது அபியோடு. நான் அப்போது கீழே கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது நீ கண்ணை மூடியிருந்தாய். என்ன சொன்னாய் என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "அது எங்களுக்குள்ளை அப்பா" என்கிறாள். அவளிடம் மட்டும் சொல்ல என்னடா இருந்தது? எனக்கு என்று ஒன்றுமே வைக்கவில்லையா?

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

உன் தம்பி ரவி ரொறன்ரோவிலிருந்து வந்திருந்தான். நீ நாட்டை விட்டு வெளிக்கிடும்போது அவனுக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு உன்னை இரண்டு தடவைதான் நேரில் கண்டவன். படத்துக்கு விளக்கேற்றி, தேவாரம் பாடி முடிந்ததும் நினைவு மலர் கொடுத்தார்கள். அட்டையில் உன் படம், கீழே "முக்காலமும் உணர்ந்த சோதிட வித்தகர்". உள்ளே, ஐரோப்பியர் கண்டதெல்லாம் நம்முடையதே என்று நிறுவிய மேதை என்று ஒரு கட்டுரை. எழுதியவர் உன் பேச்சுக்கு வந்து முன்னால் இருந்து கைதட்டியவர்தான். தலைமை தாங்கியவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "குலம் அண்ணைக்குத் தெரியாதது எண்டு இந்த உலகத்திலை ஒண்டும் இல்லை. அவர் ஒருநாளும் பிழை விட்டதில்லை" என்றார்.

நான் எழும்பிவிட்டேன் மச்சான். இந்தத் தடவை சாந்தி இழுக்கக்கூட நேரம் கொடுக்கவில்லை.

"அவருக்குத் தெரியாதது நிறைய இருந்தது" என்றேன். "என்ர பிள்ளைக்குச் சாதகம் எழுதத் தெரியாதெண்டு அவரே சொன்னவர். அண்டையோடை சோதிடத்தை விட்டவர். சூரியன் வாற நாளைப் பிழையாச் சொன்னவர். கார் ஓட்டுற சோதினையிலை மூண்டு தரம் கோட்டை விட்டவர். உள்ளங்கையளவு மிளகாய்க் கண்டுக்கு லைட் பூட்டி வளர்க்கிறன் எண்டு அதைக் கருக விட்டவர். ஐரோப்பா முழுக்க எங்கடை எண்டு அவர் ஒருநாளும் சொல்லேல்லை. கோப்பிதான் காரணம் எண்டு சொன்னவர், அதுவும் பிழை, அந்தப் பிழையாலைதான்…"

"இரும் யோகன்" என்று ஒருவர் தோளை அமத்தினார். அப்போதுதான் அந்த எரிச்சல் கதை என் காதில் விழுந்தது. ரவி முன்வரிசையில் தலையைக் குனிந்தபடி இருந்தான். சாப்பாட்டுக்கு எனக்குப் பக்கத்துக் கதிரைகளில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. பாயசத்தைக் குடித்துவிட்டு வெளியே வந்தேன். சாந்தி காருக்குள் இருந்தாள்.

உண்மையைச் சொல்லத்தான் எழும்பினேனா, அல்லது உன்னை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கி வைப்பதைப் பொறுக்க முடியாமல் எழும்பினேனா? எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் வாசல் மணி அடித்தது. ரவி. சண்டை பிடிக்க வந்திருக்கிறான் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றான்.

"யோகன் அண்ணை, அவர் வேற என்ன பிழை விட்டவர்?"

"என்ன தம்பி?"

"நேத்து நீங்கள் முடிக்கேல்லை. மிச்சத்தையும் சொல்லுங்கோ."

உள்ளே கூட்டி வந்து இருத்தினேன். மீன் வெட்டும்போது விரலையும் சேர்த்து வெட்டியதைச் சொன்னேன். உப்புப் போட்டால் தண்ணீர் கெதியாய்க் கொதிக்கும் என்று பந்தயம் பிடித்துத் தோற்றதைச் சொன்னேன். நோர்வே மொழியில் நன்றி சொல்வதாக நினைத்து மேற்பார்வையாளரின் மனைவியிடம் வேறெதையோ சொன்னதைச் சொன்னேன். ரவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தான்.

"எனக்கு உங்களிலை எரிச்சலா இருக்கு அண்ணை" என்றான்.

"ஏன்?"

"அவர் பிழை விடுறதை நீங்கள் கிட்ட இருந்து பாத்தனீங்கள். எனக்குப் போனிலை வந்ததெல்லாம் புத்திமதி மட்டும்தான். படி, நேரத்துக்குச் சாப்பிடு, பிழை விடாதை. நேத்து அந்த மண்டபத்திலை எல்லாரும் ஒரு சாமியைப் பற்றிக் கதைச்சினம். நீங்கள் ஒராள்தான் என்ர அண்ணனைப் பற்றிக் கதைச்சனீங்கள்."

என்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுகிறான்! என் ஐம்பது வயதில் முதல் தடவை. நல்லாத்தான் இருந்ததடா, உன்னிடம் ஏன் ஒளிக்க வேண்டும்? இத்தனை வருடம் நீ இந்தச் சுகத்தையா அனுபவித்தாய்?

அது நீடிக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்த சாந்தி தட்டத்தை வைத்துவிட்டுத் தானும் இருந்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் இருந்தது அதுதான் முதல் தரம்.

"புட்டு அவிச்ச கதை இவருக்குத் தெரியாது" என்று ரவியிடம் சொன்னாள். "சுடுதண்ணி வேண்டாம், பச்சைத்தண்ணியிலை குழைச்சாத்தான் மா மெத்தெண்டு வரும், காரணம் இருக்கு எண்டவர் குலம் அண்ணை. நானும் நம்பிக் குழைச்சன். ஒரு பானை கூழ். ரண்டு பேரும் இருந்து குடிச்சுப்போட்டு, இவருக்குச் சொல்லிறேல்லை எண்டு சத்தியம் பண்ணினனாங்கள்."

"அது எப்ப?" என்றேன்.

"நீங்கள் ஞாயிறு பஸ் ஓடின நாளொண்டு."

"எந்த ஞாயிறு?"

சாந்தி சிரித்தாள். ரவியும் சிரித்தான். அந்த நேரம் பார்த்து அபி வந்தாள். அவள் இப்போது பல்கலைக்கழகத்தில் நீ படித்த அதே பாடம்தான் படிக்கிறாள், அதை உன்னிடம் சொல்ல மறந்துபோனேன். சங்கதியைக் கேட்டுவிட்டு, "அது பரவாயில்லை, எனக்கு மாமா சொன்ன பெரிய பிழை ஒண்டு இருக்கு" என்று ரவிக்குப் பக்கத்தில் இருந்தாள். அதுவும் நான் கேள்விப்படாத கதை. அவர்கள் மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்க, என் வீட்டில், என் கதிரையில், நான் ஒன்றும் தெரியாதவனாய் இருந்தேன்.

ஆக, உன் பிழைகளையும் ஆளுக்கொன்றாய்ப் பிரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறாய். நான் எல்லாவற்றையும் கண்டவன் என்று நினைத்திருந்தேன்.

சரி. இதோ என் சத்தியம். உன் பாடசாலைக்குப் போவேன், உன்னோடு மாலை வகுப்பில் இருந்தவர்களைத் தேடிப் பிடிப்பேன், ஹம்மர்பெஸ்ட்டில் இன்னும் மிச்சமிருக்கிற பெடியன்களுக்கும் போன் எடுப்பேன். நீ எங்கெங்கே பிழை விட்டாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். கேட்டதை அப்படியே நம்பமாட்டேன், இன்னொருவரிடமும் விசாரிப்பேன். உன்னை நீ விட்ட பிழைகளோடு சேர்த்து முழுசாய் அறிந்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன் இருந்தால், அது நானாகத்தான் இருக்க வேண்டும்.

உன்னில் இன்னும் எரிச்சல் தீராத
உன் மச்சான்,
அபியின் அப்பா, யோகன்.
லோறென்ஸ்கூக்.